ஸ்டார்ம் தரையில் நடந்த நாலு வருஷம்

அன்புள்ள பொன்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். தம்பி போன ஞாயிறு வந்துவிட்டுத் திரும்பினான். பாட்டிக்கு இருமல் நின்றிருக்கிறது, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

முந்தாநாள் ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தாய். எக்ஸ்-மென் காமிக்ஸில் மழையையும் புயலையும் ஆட்டி வைக்கிற ஸ்டார்ம் இருக்கிறாளே, அவளுக்குப் போன சக்தி எப்போது திரும்பி வந்தது என்று. 1988 என்று உடனே பதில் போட்டேன். ஆனால் அந்த வேளையில் செகந்திராபாத்தில் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து நீ அதை எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷத்தை மட்டும் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்பாய். என் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். எழுதினால் நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம். நீயும் முடிகிறபோது படித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் பெரியப்பா ஒரு பெட்டி நிறைய எக்ஸ்-மென் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தாரே, அதில் நீ திரும்பத் திரும்ப எடுத்தது ஸ்டார்ம் பறக்கிற பக்கங்கள்தான். அவளுக்குச் சக்தி போன இதழ்களை அப்போது நீ வேகமாகப் புரட்டிவிட்டுப் போய்விடுவாய். பத்து வயசில் யாருக்கு அதெல்லாம் வேண்டும்? நான்தான் நீ தூங்கின பிறகு அவற்றை எடுத்துப் படிப்பேன். இப்போது மறுபடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். அதிலிருந்துதான் சொல்கிறேன்.

1975இல் அவள் முதல்முதலாக வந்தபோது அவளுக்குக் கொடுத்த இடம் சாதாரண இடம் அல்ல. அம்மா கென்யாவைச் சேர்ந்தவர், அப்பா அமெரிக்கப் புகைப்படக்காரர். கெய்ரோவில் வீடு இடிந்து இருவரும் போனபோது, செத்துப்போன அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடிபாட்டுக்குள் கிடந்த குழந்தை அவள். அடைத்த இடம் என்றால் அவளுக்கு உயிர் நடுங்குவது அதனால்தான். அப்புறம் கெய்ரோ தெருக்களில் திருடிப் பிழைத்தாள். பிறகு தெற்கே நடந்து நடந்து போய், கடைசியில் மழை தருகிற தெய்வம் என்று ஜனங்கள் கும்பிடுகிற நிலைக்கு வந்தாள். அவளுடைய சக்திக்கு ஒரு விலையும் இருந்தது. அவள் கோபப்பட்டால் இடி இடிக்கும், அழுதால் மழை கொட்டும். ஊருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று சின்ன வயசிலிருந்தே மனசை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். எக்ஸ்-மென் கூட்டத்திலேயே அமைதியானவள் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அமைதி அவளுடைய குணம் இல்லை, பழகிப்போன காவல்.

1984இல், 'அன்கேனி எக்ஸ்-மென்' 185ஆவது இதழில், அரசாங்கத்து ஆள் ஒருவன் சக்தியைப் பறிக்கிற துப்பாக்கியால் ரோக் மேல் குறி வைக்கிறான். தொட்டாலே அடுத்தவர் சக்தியை உறிஞ்சிவிடுகிற பெண் அவள். அது ஸ்டார்மைத் தாக்குகிறது. அவ்வளவுதான், எல்லாம் போய்விட்டது. உலகத்தைக் காப்பாற்றும் பெரிய யுத்தத்தில் தியாகம் செய்து இழந்தாள் என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. வேறொருத்திக்கு வைத்த குறி. அது எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? நீளம் தாண்டுகிற நீயும் பெரிய போட்டியில், எல்லாரும் பார்க்க விழவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில், பத்துப் பேர்கூட இல்லாத மைதானத்தில், போர்டில் கால் வைத்த அந்த ஒரு கணத்தில் போய்விட்டது. காரணம் தேடாதே. இந்த மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன, யாருக்கோ வைத்த குறி மாதிரி.

அடுத்த இதழ், 186. கிறிஸ் கிளேர்மான்ட் எழுதி பாரி விண்ட்சர்-ஸ்மித் வரைந்தது. அதைத்தான் நீ இப்போது முதலில் படிக்க வேண்டும். ஒரு சூப்பர்ஹீரோ புத்தகத்தில் பெரும்பகுதி, டாலஸ் நகரத்தில் ஒரு உயரமான கட்டடத்தின் மேல்மாடி வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான். ஸ்டார்ம் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடக்கிறாள். ஃபோர்ஜ் என்பவன் அவளைப் பார்த்துக்கொள்கிறான். வியட்நாம் போரில் ஒரு காலையும் ஒரு கையையும் இழந்து, தனக்கு வேண்டியதைத் தானே செய்து மாட்டிக்கொண்ட கைகாரன். இழப்பு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவனுடைய ஆறுதல் அவளுக்குப் போதவில்லை, பார்த்தாயா? ஒருவருடைய இழப்பை வைத்து இன்னொருவருடைய இழப்பை அளக்க முடியாது. கடைசியில் அந்தத் துப்பாக்கியைச் செய்ததே அவன்தான் என்று தெரியவருகிறது. அவள் எழுந்து போய்விடுகிறாள். என் கால் இனி தரையை விட்டு எழும்பாமல் போகலாம், ஆனாலும் ஒரு நாள் பறப்பேன் என்கிற மாதிரி ஒரு பேச்சோடு அந்த இதழ் முடிகிறது. எல்லாரும் அந்தக் கடைசிப் பேச்சைத்தான் எடுத்துச் சொல்வார்கள். நான் உனக்குக் காட்ட விரும்புவது அதற்கு முந்தின பக்கங்களை. அவள் கிடக்கிற பக்கங்கள். எழுதியவரும் வரைந்தவரும் அவளை உடனே எழுப்பிவிடவில்லை. கிடக்க விட்டார்கள்.

உன்னிடம் யாரும் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். மூட்டு ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஆள் ஆளுக்கு வந்து "ஆறே மாசம், மறுபடியும் ஓடுவே பாரு" என்றார்கள். லிகமென்ட் இரண்டாவது தடவை அறுந்தபோதும் அதையே சொன்னார்கள். அப்பாவுடைய நண்பர் ஒருவர் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சீமோன் பைல்ஸ் படத்தை அனுப்பினார், டோக்கியோவில் விலகிய பெண் பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினாள் என்று. நல்ல மனசோடு அனுப்பினார், எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கட்டின லிகமென்ட் மறுபடி போயிருக்கிறது, மூட்டுக்குள் குருத்தெலும்பும் தேய்ந்திருக்கிறது. நடக்கலாம், மாடி ஏறலாம், மெதுவாக ஓடலாம். தாண்டக் கூடாது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் உடம்பின் எடையைப்போலப் பல மடங்கை அந்த ஒரு காலில் வாங்குகிற வேலை அது. அந்தக் கால் இனி வாங்காது. இதை உன்னிடம் மழுப்பாமல் சொல்ல ஒரு ஆளாவது வேண்டும். நான் சொல்கிறேன், பாப்பா. நீ இனி தாண்டப் போவதில்லை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அஞ்சு பாபி ஜார்ஜ் நீளம் தாண்டிய 6.83 மீட்டரை உன் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தவள் நீ. அதற்கு வெள்ளை அடிக்க நான் இதுவரை யாரையும் விடவில்லை, இனியும் விடப்போவதில்லை.

பைல்ஸ் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவள் கதையிலிருந்து எனக்கு வேண்டியது பாரிஸ் இல்லை. 2021இல் டோக்கியோவில் காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாமல் போனது. அந்த விளையாட்டுக்காரர்கள் அதை ட்விஸ்டீஸ் என்கிறார்கள். அணிப் போட்டியில் ஒரே ஒரு வால்ட்டோடு விலகினாள். மற்ற இறுதிப் போட்டிகளையும் ஒவ்வொன்றாக விட்டாள். கடைசியில் பீம் ஒன்றுக்கு மட்டும் வந்தாள். இறங்கும்போது வழக்கமாகச் செய்கிற திருகலை எடுத்துவிட்டு, திருகல் இல்லாத ஒரு இறக்கத்தை வைத்துக்கொண்டாள். வெண்கலம் கிடைத்தது. அந்த நாளில் அவளிடம் என்ன இருந்ததோ அதை வைத்து அவள் செய்தது அது. பழைய பைல்ஸை அவள் அன்றைக்கு நடிக்கவில்லை. பாரிஸில் அவளுக்கு எல்லாம் திரும்பி வந்திருக்காவிட்டாலும் அந்த வெண்கலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

மறுபடி ஸ்டார்முக்கே வருகிறேன். சக்தி போன பிறகு அவளுக்கு நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இது. குளிர் அவளுக்குக் குளிர ஆரம்பிக்கிறது. முன்பெல்லாம் வெயிலோ பனியோ அவள் உடம்பு தானாகவே சரிசெய்துகொள்ளும். அழுகையும் அப்படித்தான். இனி அவள் அழுதால் எந்த ஊரிலும் வெள்ளம் வராது. முதல்முறையாக அவளால் பயமில்லாமல் அழ முடிகிறது, கோபப்பட முடிகிறது, ஒரு மனிதனை விரும்பவும் முடிகிறது. இது நல்லதுக்குத்தான் நடந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். அவளிடம் கேட்டிருந்தால் அத்தனையையும் கொடுத்து வானத்தைத் திருப்பி வாங்கியிருப்பாள். ஆனாலும் அது நடந்தது. நீ பன்னிரண்டு வயசிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை, ஒரு காய்ச்சலுக்குக்கூட நிம்மதியாகப் படுத்ததில்லை, தோற்ற நாளில் அழுததில்லை. அழுதால் பயிற்சியாளர் என்ன நினைப்பாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் வருவாய். இப்போது அழலாம். எங்கேயும் எதுவும் கெடாது.

1985இல் 198ஆவது இதழில் அவள் ஆப்பிரிக்காவில் நடந்துகொண்டிருக்கிறாள். பறந்தவள் நடக்கிறாள், தாகம், வெயில். வழியில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தியைப் பார்க்கிறாள். பிரசவம் இவள் கையில் நடக்கிறது. குழந்தைக்கு மூச்சு இல்லை. ஒரு காலத்தில் புயலையே கூப்பிட்டவள், தன் வாயிலிருந்து அந்தக் குழந்தைக்கு மூச்சைக் கொடுக்கிறாள், அது அழுகிறது. எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிடும். அது சக்தி இல்லாத எவரும் செய்யக்கூடிய காரியம். ஆனால் அதைச் செய்ய அவள் நடந்தே அந்த வழியில் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் 201. ஜனவரி 1986. எக்ஸ்-மென் அணிக்கு யார் தலைமை என்று சைக்ளாப்ஸுக்கும் இவளுக்கும் போட்டி. அவன் கண்ணில் அவனுடைய சக்தி அப்படியே இருக்கிறது, இவளிடம் ஒன்றும் இல்லை. இவள் ஜெயிக்கிறாள். கெய்ரோவில் திருடிப் பிழைத்த பெண்ணுக்குத் தெரிந்த வித்தைகள், இத்தனை வருஷம் அணியை நடத்திய புத்தி, இரண்டும் எந்தத் துப்பாக்கிக்கும் எட்டாத இடத்தில் இருந்தன. அதன் பிறகும் சக்தி வர இரண்டு வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் சக்தி இல்லாமலே அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறாள்.

இப்போது புரிகிறதா நான் எதற்கு 1988 என்ற பதிலோடு நிறுத்த முடியவில்லை என்று? அந்த நாலு வருஷத்தை வெறும் காத்திருப்பாக அவர்கள் எழுதவில்லை. அதில் அவள் காதலித்தாள், ஏமாந்தாள், குழந்தைக்கு மூச்சு கொடுத்தாள், தலைவி ஆனாள். நீ கேட்ட கேள்வியில் எனக்கு வலித்தது அதுதான். சக்தி திரும்பும் நாள் வரைக்கும் இருப்பது வாழ்க்கைக் கணக்கில் சேராது என்று நீ நினைக்க ஆரம்பித்துவிட்டாயோ என்று பயந்தேன். உனக்கு இருபத்தாறு வயசு. இந்த வருஷமும் உன் வருஷம்தான்.

எல்லாக் கதைகளும் இப்படி நன்றாக எழுதப்பட்டுவிடவில்லை. வொண்டர் உமனுக்கும் 1968இல் சக்தி போனது தெரியுமா? அவளாகவே விட்டுக்கொடுத்தாள். அவளுடைய இனத்து அமேசான் பெண்கள் இந்த உலகத்தை விட்டே போகிறார்கள், இவள் ஸ்டீவ் ட்ரெவர் என்ற ஆணுக்காக இங்கேயே தங்கிவிடுகிறாள். அடுத்த இதழிலேயே அவன் செத்துப்போகிறான். இவள் துணிக்கடை நடத்தினாள், ஐ சிங் என்ற கண்பார்வையற்ற குருவிடம் சண்டை கற்றுக்கொண்டாள், வெள்ளை உடுப்பில் உலகம் சுற்றினாள். குளோரியா ஸ்டைனம் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி அதற்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1972இல் தன் 'மிஸ்' பத்திரிகையின் அட்டையில் பழைய வொண்டர் உமனைப் போட்டார். அடுத்த வருஷமே சக்தி திரும்ப வந்துவிட்டது. ஸ்டைனம் கோபப்பட்டது சரிதான் என்பேன். ஒரு ஆணுக்காக ஒரு பெண் தன் பலத்தைக் கழற்றி வைக்கிற கதை யாருக்கு வேண்டும்? ஆனால் அந்த வெள்ளை உடுப்பு டயானா, அதுதான் வொண்டர் உமனுடைய பெயர், அவள் மேலும் எனக்கு மரியாதை உண்டு. அடி வாங்கினால் வலிக்கிற உடம்போடு தினமும் பயிற்சி செய்தவள் அவள். சக்தி திரும்பி வந்ததும் அந்த டயானாவைப் பற்றி அப்புறம் அதிகம் பேச்சே இல்லை. அது நியாயமில்லை.

மிஸ் மார்வெல் என்ற பெயரில் பறந்த கேரல் டான்வர்ஸுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 1981இல் ரோக் தொட்டதும் அவளுடைய சக்தி மட்டும் போகவில்லை, நினைவுகளும் போயின. எக்ஸ்-மென் அணியை உருவாக்கிய பேராசிரியர் எக்ஸ் நினைவுகளைத் திருப்பிக் கொண்டுவந்தார், அவற்றோடு சேர்ந்திருந்த பாசத்தை அவரால் கொண்டுவர முடியவில்லை. அப்பா அம்மா யார் என்று அவளுக்குத் தெரிகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதைப் படித்த அன்றைக்கு நான் எதை நினைத்தேன் என்று எழுத வேண்டாம். உன் பதக்கங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதையெல்லாம் யாரோ ஜெயித்த மாதிரி இருக்கிறது என்று நீ போன பொங்கலுக்குச் சொன்னாய். யாரோ இல்லை, நீதான். மதுரை மைதானத்தில் மழை வந்து போட்டியே நிற்கும்போல இருந்தும் கடைசி வாய்ப்பில் தாண்டின பெண் நீதான். உனக்கு உள்ளே அசையாமல் இருக்கிற நாட்களில் எனக்கும் அப்பாவுக்கும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நாங்கள் வைத்திருக்கிறோம், நீ கேட்கிறபோது தருகிறோம்.

கடைசியாக, பேட்மேன் கதைகளில் வருகிற பார்பரா கார்டன். அவள் மேல் எனக்குத் தனிப் பாசம், அவளும் என்னைப்போல நூலகக்காரி. கோதம் நகரப் பொது நூலகத்தை நடத்தியவள். பேட்கேர்ள் என்ற பெயரில் கூரைக்குக் கூரை தாவினாளே தவிர, சூப்பர் சக்தி என்று அவளிடம் ஒன்றும் கிடையாது. கால்கள், பழக்கம், மூளை, அவ்வளவுதான். 1988இல் ஜோக்கர் சுட்ட குண்டு முதுகெலும்பில் பாய்ந்து அவளால் நடக்க முடியாமல் போனது. அந்தக் கதையில் அவள் பேட்மேனுடைய துக்கத்துக்கும் தன் அப்பாவுடைய துக்கத்துக்கும் ஒரு காரணமாக மட்டும்தான் இருந்தாள். அவளுக்கு என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற தம்பதிக்கு அது பொறுக்கவில்லை. 1989இல் 'சூசைட் ஸ்குவாட்' என்ற தொடரில் ஆரக்கிள் என்ற பெயரில் அவளை மறுபடி கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலி, கம்ப்யூட்டர், ஒன்றையும் மறக்காத மூளை. அந்த உலகத்தின் ஹீரோக்கள் எல்லாரும் தகவலுக்கு அவளிடம் வந்து நின்றார்கள். ஒரு நூலகக்காரியிடம்!

2011இல் அவள் கதையை வெளியிடுகிற டிசி கம்பெனி தன் கதைகளையெல்லாம் புதிதாகத் தொடங்கியபோது பார்பராவை மறுபடி நடக்க வைத்து, பேட்கேர்ள் உடுப்பையும் திருப்பிக் கொடுத்தார்கள். சந்தோஷப்பட்டவர்கள் பலர். ஆனால் சக்கர நாற்காலியில் வாழ்கிற வாசகர்கள் பலருக்கு அது ஒரு இழப்பாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அவர்களில் ஒருத்தியாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தவளை எடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார்கள். நான் அவர்கள் பக்கம். ஆரக்கிளுக்குத் திரும்பி வர எங்கேயும் தேவை இருக்கவில்லை. அவள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டிருந்தாள்.

ஆனால் இதைச் சொல்லி உன்னை அவசரப்படுத்த நினைக்கவில்லை. பட்டியாலாவில் என்ஐஎஸ் என்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ முடித்துப் பயிற்சியாளர் ஆகிவிடு என்று உன்னிடம் எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அது நல்ல படிப்புதான். உனக்கு ஆசை இருந்தால் போ, பணத்துக்கு அப்பா ஏற்பாடு செய்வார். ஆனால் போனதை உடனே எதாவது ஒன்றாக மாற்றிக் காட்ட வேண்டும் என்ற கடமை உனக்குக் கிடையாது. பத்துச் சின்னப் பிள்ளைகள் மணல் பிட்டில் குதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற தெம்பு உனக்கு இந்த வருஷம் இல்லை என்றால் இல்லை. பார்பராவுக்குக்கூட ஆரக்கிள் என்ற பெயர் வருவதற்கு முன்னால் யாருக்கும் எழுதத் தோன்றாத மாதங்கள் இருந்திருக்கும். ஸ்டார்ம் டாலஸில் கிடந்த பக்கங்களைத்தான் நீ இப்போது வாழ்கிறாய் என்றால், அங்கேயே இரு. நான் யாரையும் கதவைத் தட்ட விடமாட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. 1972இல் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மாயமாவான், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தச் சக்தி கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். எதிரிகள் நடுவில் அவன் உருவம் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்போது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் "ஐயோ" என்று கத்துவோம். எனக்கு மட்டும் அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். மாயமாக இருக்கிறவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அதில் என்ன இருக்கிறது? உருவம் தெரிந்துபோன பிறகு இந்த ஆள் என்ன செய்யப்போகிறான் என்று பார்க்கத்தான் நான் பக்கத்தைத் திருப்புவேன். உன்னையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தாயி, பயத்தோடு இல்லை, ஆசையோடு.

சரி, வீட்டு விஷயங்கள். 186, 198, 201 மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பா அடுத்த வியாழக்கிழமை கிளம்புகிறார், வெள்ளிக்கிழமை அங்கே இருப்பார். அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துகொள்வார். பிசியோ கொடுத்த பயிற்சியை மட்டும் விடாதே. தாண்டுவதற்காக இல்லை, ஆபீசில் மூன்று மாடி ஏற வேண்டுமே, அதற்கு. பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் வைத்திருக்கிறேன். எள்ளுருண்டையை நீ முழுசாகச் சாப்பிடலாம், இப்போது யாரும் எடை பார்க்கப் போவதில்லை. அப்பா அங்கே நாலு நாள் இருப்பார். அவரிடம் பேச வேண்டும் என்றில்லை, அவர் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பார், உனக்குச் சமைத்துப் போடுவார். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, நான் போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
அம்மா